கடித்தது சீமை நாய்

"கட்ச்சது இன்னா நாய்ண்ணா?" என்று கேட்டாள் மலை ஆஸ்பத்திரி நர்ஸ் ஆனந்தி.

குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிய பூபாலனின் கெண்டைக்கால் திகுதிகுவென்று எரிந்தது. அதைவிடப் பெரிய எரிச்சல், பக்கத்தில் மனைவி ஜெயசுதா உட்கார்ந்திருந்தது.

"அல்சேஷன் சிஸ்டர்," என்றான்.

"இந்த மலையில அல்சேஷன் யார்கிட்ட இருக்குது?"

"இல்ல, ராஜபாளையம்னு நெனைக்கிறேன். நல்லா ஒசரமா, கறுப்பா இருந்துச்சி."

"ராஜபாளையம் வெள்ளையாத்தானே இருக்கும்?"

பூபாலன் பொய் சொல்லத் தெரியாதவன் அல்ல. நாய் ஜாதி விஷயத்தில்தான் அவனுக்கு அனுபவம் போதாது. கடித்தது என்னவோ செல்லம்மா வீட்டு நாட்டு நாய். அடுத்த ஊரில் இருக்கும் செல்லம்மா, புரட்டாசி மாதத்திலும் நாட்டுக்கோழிக் குழம்பும் களியும் சமைத்துக் கொடுப்பாள். விரதக்காரர்கள் புழக்கடை வழியாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்துவிடலாம். நேற்று சாயங்காலம் அப்படிப் போனபோதுதான் அந்த நாய் அவன் காலைப் பிடித்தது.

இது ஜெயசுதாவுக்குத் தெரிந்தால் அவன் கதை முடிந்தது. புரட்டாசி பிறந்த அன்றே கருவாட்டு டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்டவள் அவள். போன வருஷம் இதே மாதத்தில் அவன் ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆம்லெட் சாப்பிட்டது தெரிந்து, கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள். தீபாவளி கழிந்துதான் திரும்பி மலையேறினாள். அதுவரை அவன் தானே கிண்டித் தின்ற களியை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கும்.

"காவலூர்ல டெலஸ்கோப் பாக்க கார்ல வந்தாங்க சிஸ்டர்," என்று புதிதாக ஆரம்பித்தான். "அந்தக் கார்லருந்து குதிச்சி கட்ச்சிட்டு, மறுபடி கார்லயே ஏறிப் போய்ட்ச்சி."

நல்லவேளையாக ஜெயசுதா அதை நம்பிவிட்டாள்.

"ஆமா சிஸ்டர், சீமை நாய்ங்கதான் கடிக்கும்," என்றாள். "நம்ம நாட்டு நாய்ங்க பாவம், கொரைக்கிறதோட சரி."

"அதெல்லாம் சும்மாக்கா. இங்க கடிபட்டு வர்றவங்கள்ல முக்காவாசிப் பேரைக் கட்ச்சது நாட்டு நாய்தான். அதுவும் யாராவது சோறு போட்டு வளர்க்கிற நாய்."

"எந்த நாயா இருந்தா இன்னா சிஸ்டர்? நோண்டி நோண்டிக் கேட்டுக்கினு. ஊசியைப் போட்டு அனுப்புங்க, வூட்ல வேலை கெடக்குது," என்றாள் ஜெயசுதா.

பூபாலனுக்கு மனைவி மேல் பாசம் பொங்கியது. இப்படித் தனக்காகப் பரிந்து பேசுகிறவளைப் போய் ஏமாற்றுகிறோமே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

ஆனந்தி விடவில்லை. "செக்போஸ்ட்ல எங்க வூட்டுக்காரருதான் டியூட்டி. நேத்து ஒரு கார்கூட மேல ஏறலன்னு சொன்னாரு. அண்ணா, உங்களுக்கு எப்படியும் ஊசி போடத்தான் போறேன். ஆனா அந்த நாய்க்கு வெறி இருந்து, நாளைக்கு ஒரு கொழந்தையைக் கட்ச்சா யாரு பதில் சொல்றது?"

செல்லம்மா வீட்டு வாசலில் எந்நேரமும் நாலைந்து குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்கும். வந்தது வரட்டும் என்று பூபாலன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"செல்லம்மா வூட்டு நாய்தான் சிஸ்டர். கோழிக் கொழம்பு சாப்பிடப் போயிருந்தேன்."

ஜெயசுதா எழுந்தே விட்டாள்.

"புரட்டாசியில உனக்குக் கோழி கேக்குதா? வெளக்கேத்தி, பொண்ணுக்கு நல்ல எடம் அமையணும்னு நான் வேண்டிக்கினு இருக்கிறேன், நீ நாக்கைத் தொங்கப் போட்டுக்கினு அங்க போயிருக்கிற. அந்தப் பெருமாளே நாய் ரூபத்துல வந்து கட்ச்சிருக்காரு. நல்லா வேணும் உனக்கு."

"ஜெயா, தெரியாம..."

"பேசாத. நான் எங்கம்மா வூட்டுக்குப் போறேன்."

ஆனந்தி அதற்குள் செல்லம்மாவைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"அந்த நாயா? ரெண்டு மூணு நாளாவே சோறு தின்னலம்மா," என்றது செல்லம்மாவின் குரல். "எச்சி ஒழுக நின்னுக்கினு இருந்துச்சி. ராத்திரி அவுத்துக்கினு ஓட்ச்சி, இன்னும் காணோம்."

ஆனந்தியின் முகம் மாறியது. "வேற யாரையாவது கட்ச்சிச்சாம்மா?"

"என் வூட்டுக்குப் பின்பக்கமா வந்து போறவங்க பேரை நான் வெளியில சொல்றதில்ல. எல்லாம் வெரதக்காரங்க," என்று சொல்லிவிட்டு செல்லம்மா வைத்துவிட்டாள்.

"பாத்தீங்களாண்ணா? சொன்ன தேதிக்கெல்லாம் தவறாம வந்து ஊசி போட்டுக்கணும். அந்த நாய்கிட்ட கடிபட்ட ஒருத்தரையும் ஊசி போடாம வுடக்கூடாது. காயம் ஆறிப்போச்சேன்னு இருந்தா உசுருக்கே ஆபத்து."

பூபாலனின் கையில் ஊசி இறங்கியது. அம்மா வீட்டுக்குக் கிளம்பிய ஜெயசுதா வாசல்வரை போய் நின்றாள். பிறகு மெல்லத் திரும்பி வந்து, கணவன் பக்கம் பார்க்காமல் பெஞ்சில் உட்கார்ந்து, புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கினாள். மஞ்சள் அப்பிய இடத்தில் நாலு பல் தடம்.

"எனக்கும் ஒண்ணு போட்டுடு சிஸ்டர்."

"எப்பக்கா கட்ச்சிச்சி?"

"போன சனிக்கெழம," என்றாள் ஜெயசுதா.