ஆறு மணிக்குள் எடுத்துவிட வேண்டும்

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு டம்ளர் காபி போடக்கூடச் சுவரிலிருக்கும் மீட்டர் சம்மதிக்க வேண்டும். கரண்டு மிச்சம் பிடிக்கிறார்களாம்! மீட்டரில் பச்சை எரிந்தால் ஊரெல்லாம் சொல்லிப் பல்லைக் காட்டுகிறார்கள்.

என் தங்கை வசந்தி காலையில் செத்துப்போனாள். கூடத்தில் ஐஸ் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். அவள் மகள் யாழினி மஸ்கட்டிலிருந்து கிளம்பிவிட்டாள். திருச்சியில் இறங்கி இரவு பஸ்ஸில் வந்துவிடுவாள். அதற்குள் மகன் திலீபன் பாடை கட்டச் சொல்லிவிட்டான்.

"என்னடா அவசரம்? பொண்ணு வந்து அம்மா மொகத்தப் பாக்க வேணாமா?"

"ஆறு மணிக்கு மேல பகல் கரண்டு நின்னுடும், அப்பறமும் பெட்டி ஓடுனா மீட்டர் செவப்பாயிடும் மாமா. மூணு வருசமா பச்சை. தெருவுலயே நாங்க மட்டுந்தான்."

"பக்கத்துலதான என் வீடு? அங்கேருந்து வயர் இழுத்துக்க."

"ஒங்க வீடு எப்பவும் செவப்பு. அதச் சொருகுனா எங்க பேரும் கெட்டுப்போகும்."

வந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். "அக்காவும் சிக்கனக்காரங்கதான், சந்தோசப்படுவாங்க" என்றாள் ஒருத்தி. தூ!

"ஒன் தங்கச்சி யாழினிக்கு என்னடா பதில் சொல்லுவ?"

"எல்லாத்தையும் வீடியோ எடுக்கிறேன் மாமா. போனுக்குப் பகல் கரண்டுலயே சார்ஜ் போட்டாச்சு."

வெளிச்சம் இருக்கும்போதே தூக்கினார்கள். எல்லோரும் சுடுகாட்டுக்கு நடந்தார்கள். சிக்கனமாம், சிக்கனம்! நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பினேன். பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவரப் போகிற பிள்ளையிடம் இனி ஓட வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமே.