ஈரத்தலை

முற்றத்தில் அண்ணி ஹோசியத் சிரிக்கும் சத்தம் கேட்டு இல்ஹோம் ஜன்னல் திரையை விலக்கினான்.

மர்கிலானில் பனி இன்னும் விடவில்லை. ரொட்டி அடுப்பின் பக்கத்தில் அவன் மனைவி ஸும்ரத், நீர் சொட்டும் தலையோடு நின்றிருந்தாள்.

"என்னடி, திரும்பவுமா? ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தும் கொழுந்தனார் அடங்கலையா?"

கல்யாணமானவள் விடிகாலையில் தலைக்குக் குளித்தால் அந்த ஊரில் அர்த்தம் ஒன்றுதான். புருஷனோடு சேர்ந்திருந்த இரவு கழிந்தால், தலையோடு குளித்துவிட்டுத்தான் மாவில் கை வைக்க வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் வெந்நீர் அடுப்பு புகைந்தாலே எல்லார் கண்ணும் அங்கேதான்.

ஆனால் நேற்று இரவு ஒன்றுமே நடக்கவில்லை.

குடலில் வந்த கட்டியை வெட்டியெடுத்ததிலிருந்தே ஒன்றும் இல்லை. உயிர் பிழைத்ததே பெரிது, உள்ளே நரம்பு அடிபட்டிருக்கிறது, சரியானாலும் ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அன்றிலிருந்து இல்ஹோம் சுவரைப் பார்த்துத்தான் படுக்கிறான். அவள் கை மேலே பட்டால் தூங்குவதுபோல் கிடக்கிறான். நீ உன் அம்மா வீட்டுக்கே போய்விடு, என்னோடு கிடந்து ஏன் வீணாகிறாய் என்று இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் விடிய விடிய விழித்திருந்தான்.

ஒரு கணம் அவன் புத்தி கண்ட இடத்துக்கெல்லாம் போய் வந்தது.

பிறகுதான் உறைத்தது. இல்ஹோம் இனிமேல் பேருக்குத்தான் ஆம்பளை என்று பெண்கள் கூடும் இடத்தில் ஓடிய கிசுகிசு கொஞ்ச நாளாக அடங்கியிருந்தது. ஏன் அடங்கியது என்று அவன் யோசித்ததே இல்லை. பாவி மகள், இந்தக் குளிரில் தலையை நனைத்துக்கொண்டு நாலு பேர் பார்க்க நின்றல்லவா அந்த வாய்களை அடைத்திருக்கிறாள்!

அண்ணி விடுவதாக இல்லை. அதுசரி, குளிக்க வேண்டியது இரண்டு பேரும் அல்லவா, அவர் குளித்து நான் ஒரு நாளும் பார்க்கவில்லையே என்று இழுத்தாள்.

ஸும்ரத் இதை மட்டும் யோசிக்காமல் விட்டிருந்தாள். அவள் முகம் வெளிறிப்போயிற்று.

வயிற்றுத் தழும்பைக் கையால் பிடித்துக்கொண்டு இல்ஹோம் வெறுங்காலோடு முற்றத்தில் இறங்கினான்.

"இருக்கிற வெந்நீரையெல்லாம் நீயே ஊத்திக்கிட்டா எப்படிடி? எனக்கு ஒரு வாளி எடுத்து வைக்கக் கூடாதா?"

அண்ணி தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

ஸும்ரத் அசையவில்லை. அவள் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. அவள் தோளில் கிடந்த துண்டை எடுத்து, அவன் அவள் தலையைத் துவட்ட ஆரம்பித்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவன் அவளைத் தொடுவது அதுதான் முதல் தடவை.