அச்சு அசல்

பனி விழுவதற்குள் கராஜைக் காலி செய்யச் சொல்லி மனைவி கெடு வைத்திருந்தாள். அதனால் ஓஹையோவின் வெண்டல் தான் புதுப்பித்திருந்த 1970 மாடல் 'மசில் கார்' என்னும் பழைய வேகக் காரை விற்க முன்வந்தான். பார்க்க வந்தவர் லொரெய்ன் என்ற மூதாட்டி.

"பன்னெண்டு வருஷ உழைப்புங்கம்மா. ஃபேக்டரியிலேருந்து வந்த மாதிரியே இருக்கு. கதவு ரப்பர் தேடவே ரெண்டு வருஷமாச்சு."

"ரப்பருமா அதே மாதிரி?" அவர் குரல் இறங்கியது.

"அச்சு அசல்."

ஓட்டிப் பார்க்கையில் மழை பிடித்துக்கொண்டது. கதவோரம் கசிந்த நீர் லொரெய்னின் இடது காலணியில் சொட்டியது. அவர் வண்டியைத் திருப்பி வாசலில் நிறுத்தினார்.

"எழுபதுல இதைப் புதுசா வாங்கினவ நான்தான் தம்பி. இந்த ஒழுகலுக்காகவே வித்தேன். இத்தனை வருஷத்துல எவனாவது சரி பண்ணியிருப்பான்னு நம்பி வந்தேன்."

எவனோ சரிசெய்துதான் வைத்திருந்தான். அந்த நல்ல ரப்பரை, அசல் இல்லை என்று பிடுங்கி எறிந்தவன் வெண்டல்தான்.