சுவரோரம் ஒரு ரோஜா

ஆறு வருஷப் பகையை முடித்துவைக்கும் சமாதானத்தின் விலை எண்பது ரூபாய், தொட்டி உட்பட. அம்மாவாசை அதைப் பெரிய மார்க்கெட்டிலிருந்து மார்போடு அணைத்துக்கொண்டு வந்து, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான்.

பாக்கியலட்சுமி கதவைப் பாதிதான் திறந்தாள். "இன்னாது இது?"

"ரோஜாச் செடிதான்க்கா. நமக்குள்ள இன்னாத்துக்கு சண்ட?"

"வெஷம் கிஷம் தடவியிருக்கியா?"

அவள் கேட்டதில் தப்பில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவன் வீட்டுப் பந்தலில் படர்ந்த திராட்சைக்கொடி அந்தச் சுவரைப் பெயர்க்கிறது, வேரோடு வெட்டணும் என்று நகராட்சியில் புகார் கொடுத்தவள் அவள்தான்.

"சத்தியமா இல்லக்கா. நடுச்சுவரோரமா வெச்சிக்கோ. மருந்து மட்டும் அடிச்சிடாத, அப்புறம் பூவ சாமிக்கு வெக்க முடியாது."

அன்றிலிருந்து விடிந்ததும் சுவருக்கு மேலே அவன் தலை தெரிந்தது. "செடி எப்டிக்கா கீது?"

முதல் பூவை அவள் பெருமையாகத் தூக்கிக் காட்டினாள். "பூ கெடக்கட்டும்க்கா, எலையத் திருப்பிக் காட்டு," என்றான்.

பெற்ற பிள்ளைகூட இப்படி விசாரித்ததில்லை. பாக்கியலட்சுமிக்கு மனசு கரைந்தது. நகராட்சிக்குப் போய்ப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தாள்.

மார்கழிப் பனியில் ஒருநாள் ரோஜா இலையெல்லாம் வெள்ளையாகச் சாம்பல் பூத்துச் சுருண்டு கிடந்தது.

"டேய் அம்மாவாசை! ஓடியாடா, நீ குடுத்த செடி சாவுதுடா!"

சுவருக்கு மேலே வந்த முகம், இலையைப் பார்த்ததும் மலர்ந்தது. "ஏ ஜெயம்! கந்தகத்தூள எடுத்துனு வா! சாம்பல் நோய் வந்துடுச்சு, இன்னிக்கே பந்தலுக்கு அடிச்சிடணும்!" என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டான்.

"பந்தலுக்கா? நோவு வந்தது என் ரோஜாவுக்குடா!"

"ரோஜாவுக்குத்தான்க்கா மொதல்ல வரும், அப்புறம்தான் திராட்சைக்கு. பிரான்சுல என் மச்சான் வேல செய்யற திராட்சைத் தோட்டத்துல, முன்கூட்டியே தெரியணும்னு வரிசைக்கு ஒரு ரோஜா வெச்சிருக்காங்க."

பாக்கியலட்சுமி இடுப்பில் கையை ஊன்றினாள். "அத உன் வீட்டுல வெச்சித் தொலைக்கறதுதானே?"

"சீக்குப் புடிக்கிற செடிய எவனாவது சொந்த வீட்டுல வெப்பானா?" அம்மாவாசை கந்தகப் பையைப் பிரித்தான். "நோவு உனக்கு, பழம் எனக்கு. கணக்கு நேராப் போச்சுக்கா."