துக்கம் கேட்டுத் திரும்புகிற வழி

"இந்த ரோட்டுல வேற லோமிக் கடையே கிடையாதா அம்போ? செத்தவர் ஆவியை என் கடையிலதான் இறக்கி வைக்கணுமா?"

அடுப்படியில் இருந்தபடியே கத்தினான் இசகானி. லோமி, தடித்த நூடுல்ஸ் போட்ட கெட்டிக் குழம்பு; கிண்டுகிற கை நின்றால் கட்டிதட்டிவிடும். அதனால் கை சட்டியில் இருந்தது, வாய் மட்டும் வாசலுக்குப் போனது.

வாசலில் நின்ற அம்போ தலையைச் சொறிந்தான். முச்சக்கர வண்டி ஓட்டுகிறவன். அவன் பின்னால் ஏழெட்டுப் பேர். எல்லாரும் துக்க வீட்டிலிருந்து வருகிறவர்கள்.

லிபா ஊரில் அடக்கம் வரை சில நாள் உடலை வீட்டிலேயே வைத்திருப்பார்கள். துக்கம் கேட்கப் போனவர்கள் யாரும் நேராக வீடு திரும்ப மாட்டார்கள். வழியில் எங்காவது உட்கார்ந்து, எதையாவது சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். சாப்பிட்ட இடத்திலேயே செத்தவர் ஆவி தங்கிவிடும்; இல்லாவிட்டால் வீடுவரைக்கும் கூடவே வந்துவிடும். கடைக்காரர்களும் இதற்கெல்லாம் முகம் சுளிப்பதில்லை. வியாபாரம் ஆயிற்றே!

ஆனால் இந்தத் துக்கம் வேறு. செத்தவர் வலேரியோ. இசகானியின் கூடப் பிறந்த அண்ணன்.

"எனக்கென்னண்ணே தெரியும்? புரிதா அக்காதான், வேற எங்கயும் நிக்காதீங்க, இசகானி கடைக்கே போங்கன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லி அனுப்புறாங்க" என்றான் அம்போ.

புரிதா, வலேரியோவின் மனைவி. அந்தப் பெயரைக் கேட்டதும் இசகானிக்குச் சுருக்கென்றது.

"ஓகோ! தம்பிக்காரன் எட்டிப் பார்க்கலைன்னு ஊரையே அனுப்பிக் குத்திக் காட்டுறாங்களா? கிளம்பு. கூட்டிட்டு வந்த எல்லாரையும் கூட்டிட்டுக் கிளம்பு!"

"பசிக்குதுண்ணே."

"எதிர்க்கடைக்குப் போ. ஈரல் நாலு துண்டு கூடவே போடுவான்."

முந்தின நாள் வந்தவர்களையும் இப்படித்தான் விரட்டினான். அதற்கு முந்தின நாளும் அதே கதைதான்.

மேசை துடைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி நெனித்தா, துணியைப் போட்டுவிட்டு வந்தாள்.

"மனுஷர் போய்ச் சேர்ந்துட்டாரு. இன்னும் என்னங்க வீம்பு? நாளைக்கு அடக்கம். ஒரு எட்டு போய் முகத்தைப் பார்த்துட்டு வந்துடுங்க. அப்புறம் நினைச்சாலும் பார்க்க முடியாது."

இசகானி சட்டியை இன்னும் வேகமாகக் கிண்டினான். பழைய சங்கதி நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. அப்பாவின் லோமிக்குச் சுற்றுவட்டாரம் முழுக்கப் பேர். அவர் கண்ணை மூடியதும் வலேரியோ சந்தைக்கு எதிரே தனிக்கடை போட்டு, அப்பாவின் பெயரையே பலகையில் எழுதி மாட்டினார். அப்பாவின் அடுப்பில் வெந்தது தம்பி, பெயர் அண்ணனுக்கா? நடுத்தெருவில் நின்று கத்தினான் இசகானி. இனிமேல் என் கடைக்குள் கால் வைத்தால் காலை உடைப்பேன் என்று கூடச் சொல்லிவிட்டான்.

சந்தைக் கடை ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. வலேரியோ பஸ் கண்டக்டராகப் போய்விட்டார். தினமும் அந்த பஸ் இந்தக் கடையைத் தாண்டித்தான் போகும். அவர் குனிந்து கடைக்குள் பார்ப்பார். இறங்கியதே இல்லை.

"ஒரே ஒரு தடவை இறங்கி வந்து, தம்பின்னு கூப்பிட்டிருந்தா நான் கரைஞ்சு போயிருப்பேன் நெனித்தா. அவர் வரலையே!"

"நீங்கதானே வரக் கூடாதுன்னீங்க?"

"கோபத்துல சொன்னா அதை அப்படியேவா எடுத்துக்கறது? அண்ணன்தானே அவர்?" பக்கத்தில் நறுக்கி வைத்திருந்த வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. நெனித்தா மட்டும் கறுப்பு உடுத்திக் கிளம்பினாள். கோயில் மணி அடித்தது. சவ ஊர்வலத்தின் பாட்டு தெருமுனை வரை வந்து, கல்லறைப் பக்கம் திரும்பித் தேய்ந்து போனது. போகத்தான் மனசு அடித்துக்கொண்டது. இத்தனை வருஷம் பேசாமல் இருந்துவிட்டு எந்த முகத்தோடு போய் நிற்பது? பூட்டிய கடைக்குள், காலி மேசைகளுக்கு நடுவில் இசகானி தனியாக உட்கார்ந்திருந்தான். எல்லாம் முடிந்துவிட்டது. இனி அண்ணனோடு சமாதானம் ஆக வழியே இல்லை என்று நினைத்தபோது, வாய்விட்டே அழுதான்.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

"கடை லீவு! வேற இடத்துக்குப் போங்க!"

"நான்தான் தம்பி. புரிதா."

கதவைத் திறந்தான். புரிதாவின் செருப்பில் கல்லறை மண் ஈரமாக ஒட்டியிருந்தது. அவள் உள்ளே வராமல் படியிலேயே நின்றாள்.

"திட்டணும்னா நீங்களே திட்டிடுங்க அண்ணி. ஊரை அனுப்பி என்னை அவமானப்படுத்தாதீங்க" என்றான் இசகானி, தலையைக் குனிந்துகொண்டு.

"திட்ட வரலை தம்பி. ஆஸ்பத்திரியில அவர் கடைசியாக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். 'நானா என் தம்பி கடைக்குப் போக முடியாது புரிதா. என் துக்கத்துக்கு வர்றவங்களை எல்லாம் அங்க அனுப்பு. அவங்க பின்னாடியே போய், நான் அங்கயே தங்கிக்கிறேன்'னார்."

இசகானி நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"அவரைக் கூட்டிட்டு வந்த எல்லாரையும் துரத்திட்டீங்க. நான்தான் கடைசி. கல்லறையிலேருந்து எங்கயும் நிக்காம நேரா வர்றேன்." புரிதா வழிவிட்டு ஓரமாக ஒதுங்கினாள். "உங்க அண்ணன் வாசல்லதான் நிக்கிறாரு தம்பி. உள்ள வரச் சொல்லுங்க."