மூன்றாவது சிவப்பு

இறால் கம்பெனி வாசலில் இருக்கும் தட்டில் உள்ளங்கையை வைக்காமல் யாரும் உள்ளே போக முடியாது. எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் சரி, கையில் மருந்து பட்டிருந்தால் தட்டில் சிவப்பு விளக்கு எரியும். வெளிநாட்டுக்குப் போகிற இறாலில் மருந்து துளிகூட இருக்கக் கூடாதாம். மூன்று சிவப்பு விழுந்தால் வேலை போய்விடும். பெனிட்டாவுக்கு இரண்டு விழுந்தாயிற்று. இரண்டுமே மகள் ஜோஸ்லினின் கண்ணுக்கு ஊற்றிய சொட்டு மருந்தால் வந்த வினை.

"இந்த வேலையும் போச்சுன்னா சோத்துக்கு எங்க போக? இனி மருந்த நான் ஊத்திக்கிடுதேன், நீ பிள்ளையத் தொடாத" என்றான் புருஷன் கிளீட்டஸ். ஒரு வேளை மருந்து தவறினாலும் பிள்ளைக்குப் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பத்து நாளாக எட்ட நின்றுதான் மகளைக் கொஞ்சினாள் பெனிட்டா.

இன்று காலை, "இப்பதான் ஊத்துனேன்" என்று சொல்லிவிட்டு அவன் தண்ணீர் பிடிக்கப் போனான். ஜோஸ்லின் சுவரைத் தடவித் தடவி வந்து, "அம்மாதானா?" என்றாள். பெனிட்டாவுக்குத் தாங்கவில்லை. வேலை போனால் போகட்டும் என்று வாரி அணைத்து, ஒழுகிய கண்ணை வெறுங்கையாலேயே துடைத்துவிட்டாள்.

வாசலில் தலையைக் குனிந்துகொண்டு கையை வைத்தாள்.

"பச்சைதான், போங்கக்கா" என்றான் வாட்ச்மேன்.

மற்றக் கையையும் வைத்தாள். அதுவும் பச்சை.

"தட்டு கெட்டுப்போச்சா தம்பி?"

"உங்களுக்கு முன்னால ரெண்டு பேரத் திருப்பி அனுப்புனேனே, பாக்கலையா?"

பின்னால் வரிசை முணுமுணுத்தது. பெனிட்டா கையை எடுக்கவில்லை. சிவப்பு விழாதா என்று தட்டை அழுத்திக்கொண்டே நின்றாள்.