ஒரு கைச் சோறு

செய்தி வாசிக்கப் போகும் வழியில் பூங்கோதை கோயிலுக்குள் நுழைந்தாள். கொடிமரத்துக்குப் பக்கத்தில் குருக்கள் குனிந்து, பலிபீடத்தின் மேல் ஆவி பறக்க ஒரு கைச் சோற்றை வைத்துக்கொண்டிருந்தார். எத்தனையோ முறை பார்த்ததுதான். அன்றைக்கு என்னவோ கேட்கத் தோன்றியது.

“என்ன சாமி பண்றீங்க?”

“பலி போடறேம்மா. இன்னாருக்குன்னு பேர் சொல்லித்தான் போடணும். இல்லேன்னா அது வெறும் சோறு.”

பலி. தினமும் அவள் வாயில் புழங்கும் சொல் அது. பேருந்து கவிழ்ந்து பலி, வெயிலுக்குப் பலி, பட்டாசு ஆலையில் பலி. இத்தனை வருடங்களாக அந்தச் சொல்லுக்குள் யாரோ பசியோடு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். அவள் பாட்டுக்குப் பேர் சொல்லாமல் படைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

ஸ்டூடியோவில் கேமராவுக்கு முன்னால் இருந்த திரையில் தலைப்புச் செய்தி தயாராக நின்றது. எண்ணிக்கைக்கு மட்டும் இடம் விட்டு மீதியை அடித்து வைத்திருந்தார்கள். எப்போதும் அப்படித்தான் செய்வார்கள். அந்த வெற்றிடம் இப்போது கழுவித் துடைத்த பலிபீடக் கல்லைப் போலத் தெரிந்தது.

காதுக்குள் தயாரிப்பாளரின் குரல் கேட்டது. “பதினொண்ணு மேடம். இன்னும் ஏறும். படிங்க.”

“கல்குவாரியில் மண் சரிந்து பதினோரு பேர் பலி” என்று வாசித்தாள்.

அவளுடைய வலது கை, விரல்கள் குவிந்து, எதையோ ஏந்தியதுபோல மேசைமேல் இருந்தது. அடுத்த வரி காத்திருந்தது. அவள் அதைப் படிக்கவில்லை.

கேமராவை நேராகப் பார்த்து, “யாருக்கு?” என்று கேட்டாள்.